மெட்ரோ பக்கத்தில் 14 மாடியா, 5 மாடியா: வளசரவாக்கத்தில் 24 வீட்டுக்காரர்கள் எடுத்த முடிவு

சென்னையில் இப்போது பழைய அடுக்குமாடிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை தெருவுக்குத் தெரு நடக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதை போகும் பகுதிகளில் அந்தப் பேச்சு இன்னும் வேகமாக இருக்கிறது. அப்படி ஒரு குடியிருப்பு எப்படிப் பேசி எப்படி முடிவெடுத்தது என்பதை முதலில் இருந்து எழுதி வைக்கிறேன். நான் அங்கே வீடு வைத்திருப்பவன் இல்லை. கட்டடப் பொறியாளன். அங்கே குடியிருக்கும் நண்பர் கூப்பிட்டதால் காகிதங்களைப் படித்துச் சொல்லப் போய், கடைசிவரை கூட இருந்தேன். யார் பெயரும் தெருப் பெயரும் இதில் வராது. சங்கத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன்.

பின்னணி

ஆற்காடு சாலையில் இருந்து உள்ளே பிரிகிற ஒரு தெரு. முனையில் கடைகளும் ஒரு சின்னக் கல்யாண மண்டபமும் இருக்கிற 4 கிரவுண்டு மனை, ஒரே குடும்பத்துக்குச் சொந்தமானது. அதற்கு அடுத்த 6 கிரவுண்டில்தான், அதாவது 14,400 சதுர அடியில், நம்முடைய குடியிருப்பு. 1990களின் நடுவில் கட்டியது. வளசரவாக்கம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது என்பதால், இந்தக் கட்டடத்தின் அனுமதிக் காகிதங்கள் எல்லாம் பழைய உள்ளாட்சிக் காலத்தவை. தரைத்தளமும் மூன்று மாடியும், மாடிக்கு ஆறு வீடு, ஆக 24. ஒவ்வொன்றும் சராசரியாக 850 சதுர அடி. லிஃப்ட் கிடையாது. நிலத்தில் ஒரு வீட்டுக்குப் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யூ.டி.எஸ்., 600 சதுர அடி வருகிறது.

24 வீட்டில் 15 வீட்டில்தான் உரிமையாளர்கள் இருந்தார்கள். மீதி 9 வாடகைக்கு விடப்பட்டவை, அவற்றில் மூன்றின் உரிமையாளர்கள் வெளிநாட்டில். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். கோடம்பாக்கம் பக்கம் என்பதால் சினிமாவில் எடிட்டிங், ஒலிப்பதிவு மாதிரி வேலைகளில் இருந்தவர்களும் சிலர். வாடகைக்காரர்கள் பெரும்பாலும் வடபழனி, தி.நகர், போரூர் என்று தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

இனி மெட்ரோ. இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் வந்தது 2024 அக்டோபரில். கலங்கரை விளக்கத்தில் இருந்து பூந்தமல்லி போகிற 4ஆவது வழித்தடமும், மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர் போகிற 5ஆவது வழித்தடமும் ஆற்காடு சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம், காரம்பாக்கம், ஆலப்பாக்கம் ஆகிய நான்கு நிலையங்களும் இந்த இரட்டை அடுக்குப் பகுதியில்தான் வருகின்றன. குடியிருப்பின் கேட்டில் இருந்து அந்த நிலையங்களில் ஒன்றுக்கு நடை தூரம் 400 மீட்டருக்குள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் எல்லாப் பேச்சும் ஆரம்பித்தது.

2022: முதலில் பெயர்ந்தது கூரை

மெட்ரோவுக்காக இடிக்க வேண்டும் என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. 2022 நடுவில் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டின் குளியலறைக் கூரையில் இருந்து காரை பெயர்ந்து விழுந்தது, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துப் போயிருந்தது. யாருக்கும் காயம் இல்லை. சங்கம் தன் செலவில் ஒரு கட்டமைப்பு ஆலோசகரை வைத்துச் சோதனை செய்தது. தரைத்தளத் தூண்கள் பரவாயில்லை, மேல் இரண்டு தளங்களின் ஸ்லாபும் படிக்கட்டும் மோசம், பழுது பார்த்தால் கொஞ்ச வருடம் தள்ளலாம், ஆனால் செலவு திரும்பத் திரும்ப வரும் என்று அறிக்கை சொன்னது.

பில்டரைக் கூப்பிடும் முன்பே அந்தச் சோதனையைச் செய்தது நல்ல முடிவு. பில்டர் செய்து தரும் இலவசச் சோதனை எப்படிப்பட்ட அறிக்கையில் போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கையில் சொந்த அறிக்கை இருந்ததால், இடிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியை அவர்களே தீர்த்துக்கொள்ள முடிந்தது. இடித்துவிட்டு என்ன கட்டுவது என்பதில்தான் ஒன்றரை வருடம் போனது.

14 மாடித் திட்டம்

2022 கடைசியில் ஒரு பில்டர் வந்தார். அவர் யோசனை இதுதான். முனை மனையையும் இந்த மனையையும் சேர்த்தால் 10 கிரவுண்டு, 24,000 சதுர அடி. மனைக்கு ஆற்காடு சாலை முகப்புக் கிடைத்துவிடும். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது எம்.எஸ்.பி., அதாவது உயரமான பல மாடிக் கட்டடம், அதற்கு 3.25 வரை. முழு 3.25 வேண்டுமென்றால் 18 மீட்டர் அகலச் சாலை வேண்டும். 18 மீட்டருக்கு மேற்பட்ட சாலையில் கட்டணம் செலுத்தி இன்னொரு 50 சதவீதம் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம், ஆக 4.875. பெருக்கினால் 1,17,000 சதுர அடி. 14 மாடி. பழைய 850க்குப் பதில் ஒவ்வொருவருக்கும் 1,250 சதுர அடி, கட்டி முடிக்கும்வரை வாடகை, சாமான் ஏற்றி இறக்கும் செலவு, மேலே கிளப் ஹவுஸ். விளம்பரத்துக்குப் பெயர்கூடத் தயாராக இருந்தது, அதில் மெட்ரோ என்ற சொல் இருந்தது.

கூட்டத்தில் இரண்டு பக்கம் உடனே பிரிந்தது. முதல் பக்கம் பெரும்பாலும் நாற்பது வயதைச் சுற்றி இருந்தவர்கள். அவர்கள் வாதம் நியாயமானதுதான். நகரம் வளர்கிறது, ஆட்கள் எங்காவது குடியிருந்துதான் ஆக வேண்டும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உயரமாகக் கட்டாமல் செங்கல்பட்டு வரை படுக்கை வாட்டில் பரப்பிக்கொண்டே போனால் எல்லோரும் சாலையில்தான் கிடக்க வேண்டும். இதில் எனக்கும் உடன்பாடு. ஓ.எம்.ஆர்.-இல் முதலில் உயரமான கட்டடங்கள் வந்தன, ரயில் வரவில்லை. டைடல் பார்க் திறந்தது 2000இல், மெட்ரோத் தூண்கள் அந்தச் சாலையில் எழுந்தது இருபது வருடம் கழித்து. இங்கே ரயில் முதலிலோ கூடவேயோ வருகிறது, அப்போது உயரத்தை எதிர்ப்பது ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எதிர்ப்பவர்களுக்கு இருக்கிறது.

இரண்டாவது பக்கம் பயந்தார்கள், அந்தப் பயத்துக்கும் ஊர் இருக்கிறது, தேதி இருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வளசரவாக்கத்தில் இருந்து மௌலிவாக்கம் போரூர் தாண்டினால் வந்துவிடும். முதல் மாடியில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, அங்கே பலியானவர்களை வெளியே எடுத்த நாட்களில் அந்தப் பக்கம் போக முடியாமல் இருந்ததைச் சொல்லி, "தம்பி, 14 மாடிக்கு மண் தாங்குமான்னு யாரு எனக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவா?" என்று என்னிடம் கேட்டார். மண் பரிசோதனை, பைல் அஸ்திவாரம், வெளி ஆளை வைத்து வடிவமைப்பைச் சரிபார்ப்பது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் திருப்தி அடையவில்லை. அந்தப் பயத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று அன்றே சங்கத் தலைவரிடம் சொன்னேன்.

2023: டேப் எடுத்து அளந்தபோது தெரிந்தவை

பேச்சு சூடாகிக்கொண்டே போனதால், இரண்டு மாதம் கூட்டமே வேண்டாம், அளப்பதை அளந்து முடிப்போம் என்று ஒரு சின்னக் குழு போட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இருவர், நடுவில் நான். இதுதான் இந்த நிகழ்வின் திருப்பம் என்று நினைக்கிறேன்.

முதலில் எடுத்தது 1,17,000 சதுர அடிக் கணக்கு. எஃப்.எஸ்.ஐ. என்பது இவ்வளவு வரை கட்டலாம் என்ற உச்ச அளவு மட்டும்தான், அந்த மனையில் அது உட்காருமா என்பதைத் தீர்மானிப்பது சுற்றிலும் விட வேண்டிய காலியிடம். எம்.எஸ்.பி.க்கு 30 மீட்டர் உயரம் வரை நாலாபக்கமும் 7 மீட்டர் விட வேண்டும், அதற்குமேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் 1 மீட்டர் கூடும். தீயணைப்பு வண்டி சுற்றிவர வேண்டும் என்பதற்காக. 14 மாடியும் கீழே ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த தரைத்தளம்) சேர்த்து 45 மீட்டர் என்று வைத்தால் 10 மீட்டர் விட வேண்டும். சேர்த்த மனையின் அகலம் 100 அடி, அதாவது 30.5 மீட்டர்தான். இரண்டு பக்கமும் 10 போனால் மிச்சம் 10.5 மீட்டர் அகலத்தில் ஒரு நீளப் பட்டை. அதில் லிஃப்ட், இரண்டு படிக்கட்டு, நடைவழி எல்லாம் வர வேண்டும். நீளம் 73 மீட்டரில் 20 போக 53. ஒரு மாடிக்கு ஆறாயிரம் சதுர அடிக்குள், 14 மாடிக்கு 84,000 சதுர அடிகூட முழுதாக வராது. சொன்னதில் கால் பங்குக்கு மேல் காற்றில் நின்றது. இன்னும் உயரமாகப் போனால் சரியாகுமா என்று ஒருவர் கேட்டார். உயரம் கூடக்கூட விட வேண்டிய இடமும் கூடுவதால் பட்டை இன்னும் ஒல்லியாகும். அகலமில்லாத மனையில் உயரத்துக்கு ஒரு வரம்பு தானாகவே வந்துவிடுகிறது.

பில்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது மறுக்கவில்லை, விதிகளில் தளர்வு வாங்கலாம் என்றார். எந்த விதியில், யாரிடம், எழுத்தில் தருவீர்களா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அடுத்தது முனை மனை. மெட்ரோ நிலையத்தின் நுழைவுப் படிக்கட்டுக்காக ஆற்காடு சாலை ஓரத்தில் பல மனைகளில் ஒரு பகுதியை எடுத்தார்கள், இந்த முனை மனையிலும் முன்பக்கம் சுமார் ஒரு கிரவுண்டு அந்தப் பட்டியலில் இருந்தது. எடுத்தது போக மிச்சத்தின் நீளம் குறைகிறது. நுழைவுக் கட்டடம் வந்து உட்கார்ந்தால் முகப்பு எவ்வளவு மிஞ்சும் என்பதும் கேள்வி. அந்தக் குடும்பத்தினரிடம் நேரில் போய்ப் பேசினோம். நஷ்டஈடு கைக்கு வந்து, மிச்ச மனை எது என்று தெளிவான பிறகுதான் எதையும் யோசிப்போம் என்றார்கள். முழுக்க நியாயமான பதில். ஆனால் 14 மாடித் திட்டம் முழுவதும் அவர்கள் கையெழுத்தை நம்பி நின்றது, அவர்களிடம் பில்டர் ஒரே ஒரு முறைதான் பேசியிருந்தார் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

யூ.டி.எஸ். கணக்கையும் போட்டுக் காட்டினோம். 1,17,000இல் இவர்களுக்கு 30,000 என்றால் நிலத்திலும் அதே விகிதம்தான், வீட்டுக்கு 256 சதுர அடி. கையில் இருந்த 600 பாதிக்கும் கீழே போகிறது. இன்னும் முப்பது வருடம் கழித்து அந்தக் கட்டடமும் பழசானால் அன்றைக்குப் பேரம் பேச மிஞ்சுவது அந்த நிலப் பங்குதான் என்று சொன்னபோது, முதல் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் முதல்முறையாகத் தயங்கினார்கள்.

மூன்றாவது, தெரு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். லேஅவுட் வரைபடத்தில் 40 அடித் தெரு, 12.19 மீட்டர். எல்லோரும் அதை 40 அடி ரோடு என்றுதான் சொல்வார்கள். கேட்டில் இருந்து ஆற்காடு சாலை வரை டேப் பிடித்து நடந்தோம். கேட் முன்னால் 12 இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டின் சாய்தளம் வெளியே வந்திருந்தது, அப்புறம் கடைகளின் படிகள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதைச் சுற்றி வேலி. முனைக்குப் பக்கத்தில் அகலம் 10.6 மீட்டர். விதியில் சாலை அகலம் என்பது மனை முன்னால் மட்டும் இருந்தால் போதாது, பெரிய சாலை வரை தொடர்ந்து இருக்க வேண்டும். 12க்கும் 18க்கும் இடைப்பட்ட சாலைக்குப் பிரீமியம் 40 சதவீதம், 9க்கும் 12க்கும் இடைப்பட்டதற்கு 30. ஆக, சேர்க்காமல் தனியாகக் கட்டினால்கூட காகிதத்தில் எஃப்.எஸ்.ஐ. 2.8 என்றிருந்தது தரையில் 2.6 ஆகிவிட்டது. 14,400 சதுர அடி நிலத்தில் அந்த வித்தியாசம் 2,880 சதுர அடி, கிட்டத்தட்ட மூன்று வீடு. நாலு படிக்கட்டும் ஒரு வேலியும் மூன்று வீட்டை விழுங்கியிருந்தன.

அதே நடையில் இன்னொன்றும் பார்த்தோம். 400 மீட்டர் என்று எல்லோரும் சொன்ன அந்தத் தூரத்தில் நடைபாதை என்று ஒன்று இல்லை. மழைநீர் வடிகால் மூடியின் மேல் நடக்கிறோம், மூடி சில இடத்தில் இல்லை, அங்கே சாலையில் இறங்குகிறோம், பின்னால் பைக் ஹாரன் அடிக்கிறது. எழுபது வயது ஆசிரியையை எங்களோடு நடக்கச் சொல்லிக் கேட்டோம். அவர் பாதி வழியில் நின்று, இதைவிட ஆட்டோவில் வடபழனி நிலையத்துக்கே போய்விடுவேன் என்றார். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் பாதை இருந்தும் அங்கே நிலையம் இல்லாமல் மக்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரச்சினையின் சிறிய வடிவம் ஒவ்வொரு மெட்ரோ நிலையத்தைச் சுற்றியும் இருக்கிறது. எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் வட்டம் போட்டு அதற்குள் உயரத்தை அனுமதிக்கிறோம், அந்த மீட்டர்களை ஒரு முதியவர் நடந்து கடக்க முடியுமா என்று பார்ப்பதில்லை.

இரட்டை அடுக்கு என்பதால் இன்னொரு விஷயம். மேல் தண்டவாளம் நாலைந்து மாடிக்கும் மேலே போகிறது. ஆற்காடு சாலையைப் பார்த்த வீடுகளில் கணிசமானவை நேராக ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்பக்க மனையில் தனியாகக் கட்டினால் இடையில் ஒரு மனை தள்ளிப் போகிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், ஸ்டில்ட் இல்லாத அந்தக் குடியிருப்பில் தரைத்தள வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதே நாட்களில் வேளச்சேரி அருகே ஒரு கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 14 மாடித் திட்டத்தில் கார்களுக்காக நிலத்துக்கு அடியில் இரண்டு தளம் இருந்தது. நிலத்தடித் தளம் வேண்டாம் என்பதில் அதன்பிறகு யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

2024: முடிவு

மார்ச் மாதம் சட்டம் மாறியது. அதுவரை 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்காமல் நடைமுறையில் இடிக்க முடியாது. 2022இல் இயற்றி 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் போதும். 24இல் 16.

இந்த எண் வந்ததும் சிலர் உடனே வாக்கெடுப்பு நடத்திவிடலாம் என்றார்கள். சங்கத் தலைவர் ஒப்பவில்லை. 16 இருந்தால் முடிவெடுக்க உரிமை வரும், ஆனால் மீதி 8 பேரில் ஒருவர் காலி செய்ய மறுத்து நீதிமன்றம் போனாலும் எல்லோரும் வாடகை வீட்டில் காத்திருக்க வேண்டும், அதனால் முதலில் முதியவர்களோடு தனியாக ஒரு கூட்டம், வெளிநாட்டில் இருப்பவர்களோடு வீடியோவில் ஒரு கூட்டம், பிறகுதான் வாக்கு என்றார். அப்படியே நடந்தது. முதியவர்கள் கூட்டத்தில் வந்த கேள்விகள் பொதுக் கூட்டத்தில் ஒருபோதும் வராதவை. மாதப் பராமரிப்பு எவ்வளவு ஆகும், கரண்ட் போனால் எத்தனை லிஃப்டுக்கு ஜெனரேட்டர், காலி செய்த பிறகு கட்டி முடிப்பதற்குள் நான் போய்விட்டால் வீடு யாருக்கு. கடைசிக் கேள்விக்காகவே ஒப்பந்தத்தில் வாரிசு பற்றிய ஒரு பத்தி சேர்ந்தது.

இதற்குள் இரண்டாவது பில்டர் ஒருவர் வந்திருந்தார். முனை மனை வேண்டாம், இந்த 6 கிரவுண்டில் ஸ்டில்ட்டும் 5 மாடியும், 18.30 மீட்டருக்குள், மொத்தம் 36 வீடு. முதலில் 2.8 கணக்கில் வீட்டுக்கு 1,100 சதுர அடி என்றார். அளந்ததைக் காட்டியதும் 1,050 ஆனது. யூ.டி.எஸ். 404. இரண்டு லிஃப்ட், இரண்டுக்கும் ஜெனரேட்டர், கார்கள் தரையிலேயே, சிலவற்றுக்கு அடுக்கு நிறுத்தம்.

ஜூனில் வாக்கு. 5 மாடிக்கு 19, காத்திருந்து 14 மாடி முயற்சி செய்யலாம் என்று 4, ஒரு வீட்டில் வாரிசுப் பிரச்சினை என்பதால் வாக்கு இல்லை. 14 மாடிக்கு வாக்களித்தவர்களில் ஒருவர் வாதத்தை இங்கே பதிய வேண்டும். ரயில் நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வெறும் 12 வீடு கூடுதலாகக் கட்டுவது நகரத்துக்கு நஷ்டம் என்றார். அது உண்மை. அவருக்குச் சொன்ன பதிலும் உண்மைதான்: இந்த மனை, இந்தத் தெரு, இன்றைய விதி மூன்றும் சேர்ந்து தாங்குவது அவ்வளவுதான், மிச்சத்துக்காகக் காத்திருந்தால் துருப்பிடித்த ஸ்லாபின் கீழே காத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு

அக்டோபரில் ஒப்பந்தம் பதிவானது. வாரிசுப் பிரச்சினை வீடும் சேர்ந்து 23 கையெழுத்து. ஒருவர் கடைசிவரை போடவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை, பிறகு சாவியைக் கொடுத்துவிட்டார். வாடகையைக் காலாண்டுக்கு ஒருமுறை முன்பணமாகக் கொடுக்க வேண்டும், திட்ட அனுமதி கைக்கு வரும் முன் யாரும் காலி செய்ய வேண்டியதில்லை என்ற இரண்டு நிபந்தனைகளைச் சங்கம் விட்டுக்கொடுக்கவே இல்லை. திட்ட அனுமதியும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் 2025இல் முடிந்தன. கோடையில் காலி செய்தார்கள், மழைக்கு முன் இடித்து முடித்து, 2025 இறுதியில் அஸ்திவாரம் நடந்துகொண்டிருந்தது.

தெருவுக்கு ஒரு பக்க விளைவு உண்டு. அளந்த அளவுகளை ஒரு தாளில் வரைந்து, படம் எடுத்து, தெருவில் உள்ள மற்ற குடியிருப்புகளும் கடைக்காரர்கள் சிலரும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சி வட்டார அலுவலகத்தில் கொடுத்தார்கள். படிகளில் சில பின்வாங்கின, வடிகால் மூடிகள் வந்தன. டிரான்ஸ்ஃபார்மர் அதே இடத்தில் இருக்கிறது. அதை நகர்த்தும் செலவை யார் ஏற்பது என்பதில் நிற்கிறது.

வாடகைக்கு இருந்த 9 குடும்பங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. சட்டப்படி அவர்களுக்கு இந்தப் பேச்சில் இடமில்லை, மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்தார்கள், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு குடும்பம் அதே பகுதியில் வீடு பிடித்தது. மற்றவர்கள் மாங்காடு, குன்றத்தூர் என்று போனார்கள், வாடகை அங்கேதான் கட்டுப்படியாகிறது. சொந்தக்காரர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள், காரும் வைத்திருக்கிறார்கள். காலையில் எட்டு மணிக்கு வேலைக்குப் புறப்பட்டு ரயிலை நம்பி வாழ்ந்திருக்கக் கூடியவர்கள் இந்த 9 குடும்பங்கள்தான். 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் இருந்து முல்லைத்தோட்டம் வரை ஓட்டுநர் இல்லாத ரயிலின் சோதனை ஓட்டம் நடந்தது, சில மாதத்தில் இவர்கள் பாதையை விட்டு விலகிப் போனார்கள். புதிய வீடுகளின் வாடகை பழைய வாடகையாக இருக்கப் போவதில்லை. மெட்ரோவுக்குப் பக்கத்தில் அடர்த்தி வேண்டும் என்று வாதாடுகிற நாம், அந்த அடர்த்தியில் யார் குடியிருப்பார்கள் என்று கேட்காவிட்டால், ரயிலுக்குப் பக்கத்தில் கார்க்காரர்களையும் ரயிலுக்குத் தூரத்தில் ரயில் தேவைப்படுகிறவர்களையும் வைத்து ஊரைக் கட்டுவோம். இந்தக் குடியிருப்பில் அதுதான் நடந்தது, 5 மாடியானாலும் 14 மாடியானாலும் அதுதான் நடந்திருக்கும்.

மறுபடி செய்தால் மாற வேண்டியவை

சங்கத்தில் பிறகு உட்கார்ந்து பேசியபோது எல்லோரும் ஒப்புக்கொண்டது, அளவெடுப்பு முதல் பில்டரைச் சந்திக்கும் முன்பே நடந்திருக்க வேண்டும் என்பது. லேஅவுட் வரைபடம், அரசு நில அளவையின் எஃப்.எம்.பி. வரைபடம், தரையில் டேப் அளவு, இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே ஒரு வருட வாக்குவாதம் குறைந்திருக்கும். மெட்ரோ பாதையில் இருப்பவர்கள் தங்கள் மனையில் மட்டும் இல்லாமல் பக்கத்து மனைகளில் எவ்வளவு நிலம் எடுக்கப்படுகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்து மனையைச் சேர்க்கும் திட்டம் என்றால் அந்த உரிமையாளர் முதல் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

விதி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. சென்னையின் இரண்டாவது பெருந்திட்டம் 2026உடன் முடிகிறது, மூன்றாவது 2027 முதல் 2046 வரைக்குமானது, தயாராகிக்கொண்டிருக்கிறது. நிலையத்தைச் சுற்றிக் கூடுதல் பரப்பு கொடுக்கும்போது அதற்காக வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை அதே தெருவின் நடைபாதைக்கும் வடிகாலுக்கும் ஒதுக்க வேண்டும், அதை அந்தத் தெருக்காரர்கள் கணக்குக் கேட்க முடிய வேண்டும். இரண்டாவது, இடித்துக் கட்டும் திட்டங்களில் வாடகைக்காரர்களின் எண்ணிக்கையையாவது விண்ணப்பத்தில் எழுதச் சொல்ல வேண்டும். இன்று அந்தப் படிவத்தில் கார் நிறுத்தத்துக்குக் கட்டம் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

அந்தத் தெருவில் இன்னும் இரண்டு பழைய குடியிருப்புகள் இடிக்கும் பேச்சில் இருக்கின்றன. அளவுத் தாளின் நகல் இரண்டு சங்கங்களுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் 18 வீடு, அதில் 11 வாடகை. அவர்கள் முதல் கூட்டத்துக்கு வாடகைக்காரர்களையும் கூப்பிடப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.